செத்த கன்றுகளைப் பிடுங்கிப் பார்த்தேன்

2023 புரட்டாதிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மண்வெட்டியும் இரண்டு வாளித் தண்ணீருமாக வளவுக்குள் இறங்கி, செத்துப்போன மரக்கன்றுகளை ஒவ்வொன்றாகக் கிளறி எடுத்தேன். முதல் வருடக் கார்த்திகையில் வைத்தவை பதினெட்டு. உயிரோடு நின்றவை ஐந்து. மிச்சம் பதின்மூன்றும் போய்விட்டன. ஏன் போயின என்று தெரியாமல் இன்னும் பதின்மூன்று வாங்கி வைக்க எனக்கு மனம் வரவில்லை. வேரைக் கழுவிப் பார்த்தால் ஏதாவது தெரியும் என்றுதான் இறங்கினேன். இரண்டு வருடம் கழித்து இப்போது நினைத்தாலும், மரம் வளர்ப்பு பற்றி நான் படித்ததில் பாதிக்கு மேல் அந்த ஒரு நாளில் படித்ததுதான்.

எங்கள் காணி வன்னியில், மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் போகும் பாதையில் காட்டோரமாக இருக்கிறது. அரை ஏக்கர், யாழ்ப்பாணக் கணக்கில் எட்டுப் பரப்பு. வீடும் கிணறும் நடுவில். மேற்குப் பக்கம் கொஞ்சம் மேடு, கிழக்கே போகப்போகச் சரிவு. மேலே ஒன்று, ஒன்றரை அடிக்குச் செம்மண். அதற்குக் கீழே கிறவல், இறுகின சரளை மண். இந்த மண்ணோடு பழகியவர்களுக்குத் தெரியும்: மாரியில் கால் புதையும், ஆடியில் அலவாங்கு (கடப்பாரை) போட்டால் துள்ளித் திரும்பும்.

முதல் வருடம் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். 2022 கார்த்திகையில் நல்ல மழை விழுந்து நிலம் ஊறியிருந்தது. பக்கத்துக் காணிக்கு ஒரு பெக்கோ, மண் வெட்டுகிற இயந்திரம், வந்திருந்தது. அதைக் கூப்பிட்டு, பதினெட்டுக் கிடங்கையும் ஒரே பின்னேரத்தில் வெட்டுவித்தேன். எல்லாம் மூன்று அடி ஆழம். அடுத்த நாளே மாட்டெருவைக் கொட்டி, மண்ணைத் தள்ளி, கன்றுகளை வைத்தேன். தென்னை ஆறு, கறுத்தக்கொழும்பான் ஒட்டு மாங்கன்று மூன்று, பலா மூன்று, தேசி (எலுமிச்சை) இரண்டு, கொய்யா இரண்டு, மாதுளை ஒன்று, நாவல் ஒன்று. வைத்து முடித்தபோது வளவு முழுக்கப் பச்சையாக இருந்தது. அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

மார்கழி இரண்டாவது வாரம் மாண்டஸ் புயலோடு குளிர்காற்று வந்தது. வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கில் மாடுகள் செத்த அந்தக் குளிர்தான். கன்றுகள் இலை கருகி நின்றன. குளிரால்தான் போகின்றன என்று அப்போது எல்லோரும் சொன்னோம். நானும் அப்படியே நம்பினேன். வேரைப் பார்த்தபோதுதான் குளிருக்கு அதில் பங்கு மிகக் குறைவு என்று தெரிந்தது.

முதலில் கிண்டியது பலா. மூன்றும் கிழக்குச் சரிவில் வைத்தவை. வேர் கறுத்து, கையால் தொட்டதும் தோல் கழன்று வந்தது. உள்ளே நார் மட்டும்தான். புளித்த நாற்றம் மண்ணில் இன்னும் இருந்தது. கிடங்கின் ஓரத்தைச் சுரண்டினால், பெக்கோ வாளி ஈர மண்ணை வழித்த இடம் சீமெந்து பூசிய சுவர் மாதிரி வழுவழுப்பாக இறுகிக் கிடந்தது. அடியில் கிறவல். ஆக, நான் பலாவுக்கு வெட்டிக் கொடுத்தது ஒரு தொட்டி. மாரி முழுக்க அதில் தண்ணீர் நின்றிருக்கிறது. வேரும் மூச்சு விட வேண்டும். மண்ணின் இடுக்குகளில் காற்று இருக்க வேண்டிய இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால் வேர் சில நாட்களிலேயே அழுகத் தொடங்கும். பலாவுக்கு அதைத் தாங்கும் சக்தி இல்லை. வேர் அழுகினால் மேலே இலை வாடும். வாடிய இலையைப் பார்த்து நாங்கள் என்ன செய்தோம்? தை மாதம் பூராவும் இன்னும் தண்ணீர் ஊற்றினோம். அதை நினைக்கத்தான் கவலையாக இருக்கிறது.

மாங்கன்றுகளின் கதை வேறு. இரண்டைப் பிடுங்கியபோது, பொலித்தீன் பையில் இருந்த அதே உருவத்தில் வேர்க்கட்டி அப்படியே வந்தது. ஒரு வருடம் மண்ணுக்குள் இருந்தும் ஒரு வேர்கூட வெளியே போகவில்லை. பைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி, அடியில் கயிறு திரித்த மாதிரி முறுகியிருந்தது. நாற்றுமேடையில் கனகாலம் நின்ற பெரிய கன்றுகளைத்தான் நான் ஆசைப்பட்டு வாங்கியிருந்தேன். பெரிய கன்று சீக்கிரம் காய்க்கும் என்று நினைத்தேன். மூன்றாவது மாங்கன்று உயிரோடுதான் நின்றது, ஆனால் இலை வேறு. நுனியைக் கசக்கி மணந்து பார்த்தேன், அதுவும் வேறு. ஒட்டுக்கு மேலே இருந்த கறுத்தக்கொழும்பான் காய்ந்துபோய், ஒட்டுக்குக் கீழே இருந்த காட்டு மா தளைத்து நின்றது. ஒட்டுக்குக் கீழே வெடிக்கிற தளிரைக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தத் தளிர் சத்தையெல்லாம் இழுத்துக்கொண்டது.

தென்னை நான்கு. இரண்டில் கறையான். கிடங்குக்கு அடியில் காய்ந்த பொச்சுமட்டையை அடுக்கியிருந்தேன். ஈரம் பிடித்து வைக்கும் என்ற நினைப்பு. ஊறாத காய்ந்த மட்டை கறையானுக்கு விருந்து. அங்கிருந்து ஏறி விதைத்தேங்காய்க்குள் போய்விட்டது. ஒன்றை முள்ளம்பன்றி அடியில் தோண்டிக் குருத்தைத் தின்றது. ஒன்று கோடையில் காய்ந்தது. மாதுளையையும் ஒரு தேசியையும் ஆடு கடித்தது. நாவல் கிணற்றிலிருந்து தூரம், தண்ணீர் ஒழுங்காகப் போகவில்லை.

காட்டு மாவாகிப்போன அந்த மாங்கன்றையும் போனதாகவே சேர்த்தால், பதின்மூன்றுக்கும் கணக்குச் சரி. ஒரு கொப்பியில் எல்லாவற்றையும் எழுதினேன். அம்மா திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவர், பலாக் கிடங்குகளைக் காட்டிக் கேட்டார்: "தம்பி, பழைய பிலா நிண்ட இடம் உனக்கு ஞாபகம் இல்லையே? மேற்கு வேலியோட. இடம்பெயரேக்க காய்ச்சுக்கொண்டு நிண்டது. அதிலை வைச்சிருக்கலாம்."

எனக்கு ஞாபகம் இருந்தது. 2010இல் திரும்பி வந்தபோது அது பாதி எரிந்து நின்றது. பிறகு விழுந்துவிட்டது. அடிக்கட்டை கறையான் தின்று மண்ணோடு மண்ணாகிவிட்டது. ஆனால் அந்த இடத்தில் ஒரு பலா முப்பது வருடம் நின்றிருக்கிறது என்பதைவிட வேறு என்ன மண் பரிசோதனை வேண்டும்? நான் அம்மாவிடம் கேட்காமலே கிடங்குக்கு இடம் குறித்திருந்தேன்.

அந்த ஐப்பசியில் கிடங்குகளை நானே வெட்டினேன். பக்கத்து வளவு ஐயா ஒரு நாள் வேலியால் எட்டிப் பார்த்தார். நெல்லும் உழுந்துமாக இந்த மண்ணிலேயே வயது போனவர். "தம்பி, வெட்டின உடன கண்டை வைக்காதையும். முதல் தண்ணியை விட்டுப் பாரும், எவ்வளவு நேரம் நிக்குதெண்டு" என்றார். அதுதான் நான் செய்த வேலைகளிலேயே பெறுமதியானது. இரண்டு அடிக் கிடங்கு வெட்டி, வாய் வரைக்கும் தண்ணீர் விட்டு, அது வற்றியதும் இன்னொரு தரம் நிரப்பினேன். முதல் தண்ணீரைக் காய்ந்த மண் குடித்துவிடும், இரண்டாவதுதான் உண்மையைச் சொல்லும். மேற்கு மேட்டில் மூன்று மணித்தியாலத்துக்குள் வற்றியது. நடுவில் விடியும்போது வற்றியிருந்தது. கிழக்கில் அடுத்த நாள் பொழுதுபடும்போதும் ஒரு சாண் தண்ணீர் நின்றது. அரை ஏக்கருக்குள் மூன்று விதமான காணி இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குப் பிடிபட்டது.

அதன்படி இடத்தை மாற்றினேன். பலா இரண்டும் ஒரு மாவும் மேற்கில். மா இரண்டு, தேசி, மாதுளை, தென்னை இரண்டு நடுவில். கிழக்குப் பள்ளத்தில் எதை வைப்பது என்பதில்தான் யோசனை. அங்கே மருதமும் நாவலும் வைத்தேன். மருதம் குளக்கட்டிலும் ஆற்றங்கரையிலும் வெள்ளத்துக்குள் கால் வைத்து நிற்கிற மரம். நம் மாகாணத்தின் மரமும் அதுதான். சின்ன வளவுக்கு அது பெரிய மரம் என்று சிலர் சொன்னார்கள். மூலையில் நிற்கிறது, வீட்டுக்கு எண்பது அடி தூரம். நிற்கட்டும். மிச்சத் தென்னை இரண்டையும் அதே பக்கம், ஆனால் கிடங்கு வெட்டாமல் மண்ணைக் குவித்து, ஒன்றரை அடி உயரம், ஆறு அடி அகலத்தில் மேடை கட்டி வைத்தேன். தென்னைக்குத் தென்னை இருபத்தாறு அடி. முதல் வருடம் பதினைந்து அடியில் வைத்திருந்தேன். பிழைத்திருந்தாலும் பிறகு வெளிச்சத்துக்குச் சண்டை பிடித்திருக்கும்.

கிடங்கு வெட்டும் முறையிலும் சில மாற்றம். வட்டமாக வெட்டாமல் சதுரமாக வெட்டினேன். வட்டச் சுவரில் மோதுகிற வேர் சுற்றத் தொடங்கும். மூலை கிடைத்தால் அதில் புகுந்து வெளியே போகும். சுவர்களை அலவாங்கால் கொத்தி முரடாக்கினேன். மேல் மண்ணை ஒரு பக்கம், கிறவலை மறு பக்கம் போட்டு, நிரப்பும்போது மேல் மண்ணை மட்டும் உள்ளே விட்டேன். கிறவல் பாதைக்குப் போயிற்று. எரு கிடங்குக்கு ஒரு வாளிதான், அதுவும் மக்கி மண்வாசம் வருகிற எரு. பச்சை எரு சூடு பிடிக்கும், கறையானைக் கூப்பிடும், போதாததற்கு மக்கும்போது அமுங்கி, கன்று அரை அடி கீழே இறங்கிவிடும். இறங்கினால் ஒட்டு மண்ணுக்குள் போய்விடும். அதனால் கன்றை நில மட்டத்திலிருந்து மூன்று விரல் உயர்த்தியே வைத்தேன்.

ஒரு விசயத்தை இங்கே வன்னிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்களது மிதிவெடி அகற்றிய காணிதான். என்றாலும் இரண்டாவது கிடங்கில் போர்க்காலச் செல் (எறிகணை) துண்டுகள் வந்தன. மூன்றாவதில் ஒரு இரும்பு உருளை தட்டுப்பட்டது. அது பழைய தண்ணீர்க் குழாய் என்று பிறகு தெரிந்தது. ஆனால் தெரியும் வரைக்கும் நான் மண்வெட்டியை வைத்துவிட்டு வெளியே வந்து, அதற்குரிய ஆட்களுக்கு அறிவித்து, அவர்கள் வந்து பார்த்த பிறகுதான் தொட்டேன். இரண்டு நாள் பிந்தியது. பிந்தினால் பிந்தட்டும். தட்டுப்படுகிற இரும்பை அலவாங்கால் குத்திப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம்.

கன்று வாங்கப் போனபோது இந்த முறை சின்னதைத்தான் தேடினேன். பையைத் தூக்கி அடியைப் பார்த்தேன். ஓட்டையால் தடித்த வேர் வெளியே வந்திருந்தால் திருப்பி வைத்துவிட்டேன். மாங்கன்றில் ஒட்டு நன்றாகப் பொருந்தியிருக்கிறதா, ஒட்டுக்குச் சுற்றிய பொலித்தீன் இன்னும் கழுத்தை நெரிக்கிறதா என்று பார்த்தேன். தென்னம்பிள்ளையில் உயரத்தைவிடக் கழுத்து மொத்தம்தான் முக்கியம். மெலிந்து நெடுத்தது வேண்டாம். பலாவில் ஒன்று ஒட்டுக் கன்று. மற்றது ஆடி மாதம் நல்ல பழம் ஒன்று வெட்டியபோது அம்மா எடுத்த கொட்டை. பலாக்கொட்டை காய்ந்தால் முளைக்காது. அன்றைக்கே நீண்ட பையொன்றில் ஊன்றிவிட்டார். நான்கு மாதத்தில் முழங்காலளவு வந்திருந்தது.

வைப்பதற்கு முதல் கன்றைப் பையோடு ஒரு வாளித் தண்ணீரில் குமிழி அடங்கும் வரைக்கும் அமிழ்த்தினேன். பையைக் கிழித்து, மாவிலும் தேசியிலும் சுற்றின வேரை விரலால் பிரித்து, முறுகினதை அடியில் வெட்டி எறிந்தேன். வேரை வெட்டப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் முதல் வருடத்து மாங்கன்றின் வேர்க்கட்டியை நான் இன்னும் கொட்டிலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். அதைப் பார்த்தால் பயம் போய்விடும். பலாவில் மட்டும் வேரில் கை வைக்கவில்லை. அதன் ஆணிவேர் கலைந்தால் கன்று மாதக்கணக்கில் முடங்கும். பையை அடியால் வெட்டி, கிடங்குக்குள் இறக்கிய பிறகு பக்கத்தைக் கிழித்து உருவினேன்.

தென்னைக்குப் பொச்சுமட்டை திரும்பவும் போட்டேன், ஆனால் இரண்டு கிழமை தண்ணீரில் ஊறப்போட்டு, குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கி, இடையில் மண் போட்டு. அதற்கு முதல் வளவைச் சுற்றி நடந்து, வேலியோரம் இருந்த புற்றை வெட்டிக் கறையானை அடியோடு எடுத்தோம். கிடங்குக்குள் செத்தை, தடி எதுவும் விடவில்லை. அதன் பிறகு தென்னையில் கறையான் ஏறவில்லை.

ஆட்டுக்குப் பனங்கருக்கு மட்டை. கன்றைச் சுற்றி நெருக்கமாக ஊன்றி இரண்டு கம்பியால் கட்டினால் ஆடு வாயை வைக்காது. கட்டாக்காலி மாடும் உரசாது. முள்ளம்பன்றிக்குப் பழைய கூரைத்தகரத்தை வெட்டி, அரை அடி மண்ணுக்குள் போகும்படி தென்னையைச் சுற்றி வளைத்தேன். வேலிக்குக் கிளுவையும் சீமைக்கிளுவையும் கதியால் போட்டோம். சீமைக்கிளுவை இரட்டை உபயோகம்: அதன் இலையை வெட்டிக் கன்றடியில் போட்டால் நல்ல பசளை. யானைக்கு என்ன செய்வது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. தென்னையைக் காட்டுப் பக்க எல்லையில் வைக்காமல் வீட்டுப் பக்கம் இழுத்து வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

மழைக்காலம் இப்படிப் போயிற்று. பிறகு வந்தது 2024 கோடை. சித்திரையில் இரண்டு மூன்று மழை விழுந்தது. வைகாசியிலிருந்து சோளகம். இங்கே கன்று காய்வதற்கு வெயில் மட்டும் காரணமில்லை, அந்தக் காற்றும்தான். இலையிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், இரவிலும் விடாது. தென்மேற்குப் பக்கம் மட்டும் மறைப்பாகக் கிடுகு கட்டினேன். காலை வெயில் கன்றுக்கு வேண்டும், அதை மறைக்கவில்லை.

தண்ணீர்தான் பெரிய பாடம். நான் கிளிநொச்சிக்கு வேலைக்குப் போய்ப் பொழுதுபடத்தான் வருவேன். அம்மாவுக்கு இடுப்பு ஏலாது. ஆனாலும் ஒவ்வொரு பின்னேரமும் ஒரு செம்பில் தண்ணீர் எடுத்து, கன்றுக்கு ஒரு செம்பு என்று ஊற்றிக்கொண்டு வருவார். பார்த்தால் மண் கறுத்து ஈரமாகத்தான் இருக்கும். ஒரு நாள் பக்கத்தில் ஒரு சாண் தோண்டிக் காட்டினேன். மேலே இரண்டு விரல் ஈரம், அதற்குக் கீழே மாவாகக் காய்ந்த மண். அப்படி ஊற்றினால் வேரும் அந்த இரண்டு விரல் ஈரத்தைத் தேடி மேலுக்கே வரும். ஒரு நாள் தவறினாலும் கன்று கருகும். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நான் ஊத்தினதெல்லாம் வீணே?" என்று கேட்டார். வீண் இல்லை, முதல் வருடம் அந்த ஐந்தும் பிழைத்தது அவர் ஊற்றிய தண்ணீரால்தான். அதைச் சொன்னேன். உண்மையும் அதுதான்.

இருவருக்கும் ஏற்ற வழியாகக் கிடைத்தது மண்பானை. முதலில் சோடாப் போத்தலில் ஓட்டை போட்டுக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒன்றில் ஒரு மணித்தியாலத்தில் எல்லாம் போய்விடும், இன்னொன்றில் பாசி பிடித்து அடைத்துவிடும். பிறகு சோறு வடிக்கிற அளவுப் பழைய மாதிரிப் பானை வாங்கி, கன்றிலிருந்து ஒன்றரை அடி தள்ளிக் கழுத்து வரைக்கும் புதைத்தேன். ஓட்டை எதுவும் வேண்டாம். சுட்ட மண்ணின் நுண்ணிய துளைகளால் தண்ணீர் தானாகக் கசியும். மண் காயக் காயக் கூடுதலாக இழுக்கும், ஈரமாக இருந்தால் கசிவு குறையும். பூச்சுப் பூசிய பானை இதற்கு உதவாது. நுளம்பு போகாமல் சிரட்டையால் மூடிவிட்டோம். மூன்று, நான்கு நாளைக்கு ஒரு தடவை குழாயால் நிரப்பினால் போதும். அம்மா அதைக் கதிரையில் இருந்துகொண்டே செய்யலாம். மூன்று மாதத்துக்குப் பிறகு ஒரு பானையைக் கிளப்பிப் பார்த்தேன். அதைச் சுற்றி வெள்ளை வேர் வலை போலப் பின்னியிருந்தது. தென்னைக்கு ஒரு பானை காணாது, அதற்குக் கிழமையில் இரண்டு தரம் பாத்தி நிறையத் தண்ணீர் விட்டோம்.

ஆவணியில் கிணற்றில் தண்ணீர் மூன்று அடிக்கு இறங்கியது. பம் இருபது நிமிடம் ஓடினால் நிற்பாட்ட வேண்டும். பிறகு ஊறும் வரைக்கும் காத்திருக்க வேண்டும். அப்போதுதான் கன்றடியில் போட்ட மூடாக்கின் அருமை தெரிந்தது. வைக்கோலும் பனையோலையும் நான்கு விரல் மொத்தத்துக்குப் போட்ட இடத்தில் கையை விட்டால் குளிர்ச்சி. போடாத இடத்தில் மண் வெடித்துக் கிடந்தது. மூடாக்கை மட்டும் தண்டில் முட்டவிடக் கூடாது. ஒரு சாண் வெளி விட வேண்டும். கிழக்கில் நான் கட்டிய மேடைகள் இரண்டும் இந்தக் காலத்தில் மற்ற இடங்களைவிடச் சீக்கிரம் காய்ந்தன. மாரிக்கு நல்லது கோடைக்குக் கஷ்டம். அந்த இரண்டு தென்னைக்கும் தண்ணீர் கூட்டிக் கொடுத்துத்தான் காப்பாற்றினோம்.

அந்தக் கோடையில் இரண்டு கன்று போயிற்று. மாதுளை ஒன்று. மற்றது நடுவில் வைத்த மா. அது என் கையால் போனது. காற்றுக்குச் சாயாமல் இருக்கத் தடி ஊன்றி நைலோன் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தேன். தண்டு மொத்திக்கக் கயிறு பட்டைக்குள் போய்விட்டது. மறைப்புக் கிடுகுக்குப் பின்னால் இருந்ததால் கண்ணில் படவில்லை. இப்போது கட்டுவதென்றால் பழைய சாரத் துணியை எட்டுப் போல் மடக்கித் தளர்வாகக் கட்டி, ஒரு மாரி முடிந்ததும் அவிழ்த்துவிடுகிறேன். காற்றில் கொஞ்சம் ஆடினால்தான் தண்டும் பலக்கும்.

2024 கார்த்திகைக் கடைசியில், பிறகு ஃபெங்கல் என்று பெயர் வைத்த அந்தத் தாழமுக்கம் வடக்கையும் கிழக்கையும் வெள்ளத்தில் போட்டது. எங்கள் வளவின் கிழக்குப் பக்கம் முழங்கால் தண்ணீர். இரண்டு நாள் வடியவில்லை. மூன்றாம் நாள் இறங்கிப் போய்ப் பார்த்தேன். தென்னை மேடைகளின் ஓரம் கரைந்திருந்தது, ஆனால் கன்றின் கழுத்துத் தண்ணீருக்கு மேலே. மருதமும் நாவலும் ஒரு இலைகூட உதிர்க்கவில்லை. முதல் வருடம் பலா செத்த அதே இடத்தில்தான் அந்த மருதம் நிற்கிறது.

தை பிறந்ததும் மேற்குப் பக்க மாவில் பூ வந்தது. ஒன்றே கால் வருடக் கன்று, இடுப்பளவு உயரம், நுனியில் ஒரு பூங்கொத்து. அம்மாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை, அயலில் உள்ளவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் அதைக் கிள்ள வேண்டும் என்றபோது கோபம் வந்துவிட்டது. "காய்க்கிறதுக்குத்தானே வைச்சது?" ஒட்டுக் கன்று சின்ன வயதிலேயே பூக்கும், ஆனால் அதைக் காய்க்க விட்டால் கிளையும் வேரும் போட வேண்டிய சத்து காய்க்குப் போகும். இன்னும் இரண்டு வருடம் பொறுங்கள் என்று சொல்லி, அவரையே கிள்ளச் சொன்னேன். நகத்தால் மெதுவாகக் கிள்ளி, அந்தப் பூவைக் கொண்டுபோய்ச் சாமிப் படத்துக்கு வைத்தார்.

கடைசியாகப் பட்ட பாடு கருவண்டு. 2025 பங்குனியில் ஒரு தென்னையின் புது ஓலை விரிந்தபோது கத்தரிக்கோலால் வெட்டிய மாதிரி முக்கோணமாகக் குறைந்திருந்தது. குருத்தடியில் ஓட்டை, சக்கை தள்ளியிருந்தது. காண்டாமிருக வண்டு. வளைத்த கம்பியால் உள்ளே இருந்ததைக் குத்தி எடுத்து, மட்டை இடுக்குகளில் இடித்த வேப்பங்கொட்டையும் மணலும் கலந்து போட்டேன். எங்கிருந்து வந்தது என்று தேடினால், என் எருக்கும்பியே. தென்னையிலிருந்து இருபது அடியில் வசதிக்காகக் குவித்து வைத்திருந்தேன். கிளறக் கிளற விரல் மொத்தத்தில் வெள்ளைப் புழு. முப்பதுக்கு மேல் எடுத்துக் கோழிக்குப் போட்டோம். கும்பியை வளவின் மறு கோடிக்கு மாற்றி, மாதத்துக்கு ஒரு தரம் புரட்டுகிறேன். பிறகு வந்த இரண்டு குருத்தும் முழுசாக விரிந்தன.

இன்றைக்கு, 2025 புரட்டாதியில், கணக்கு இதுதான்: முதல் வருடத்து ஐந்தோடு இரண்டாம் வருடம் வைத்த பதின்மூன்றில் பதினொன்று, மொத்தம் பதினாறு. கொய்யா காய்க்கிறது. தேசி பூத்திருக்கிறது. பழைய பலா நின்ற இடத்தில் வைத்த கொட்டைக் கன்று, காசு கொடுத்து வாங்கின ஒட்டுப் பலாவைவிட ஒரு முழம் உயர்ந்துவிட்டது. ஆணிவேர் கலையாமல் போன வித்தியாசம் என்று நினைக்கிறேன். அம்மா அதற்கு வேறு காரணம் வைத்திருக்கிறார். அது பழைய மரத்தின் இடம், மண்ணுக்குப் பலாவைத் தெரியும் என்கிறார்.

தென்மேற்கு வேலியோரம் சோளகத்துக்குத் தடுப்பாக நான்கு வேம்பு வைக்க வேண்டும். வருகிற கார்த்திகைக்கு. நேற்றுப் பின்னேரம் முதல் கிடங்கை வெட்டி, இரண்டாம் தரம் தண்ணீர் நிரப்பிவிட்டுப் படுத்தேன். விடிய நான் எழும்ப முதல் அம்மா ஊன்றுதடியோடு போய்ப் பார்த்துவிட்டு வந்து, தேத்தண்ணிக் கோப்பையை நீட்டிக்கொண்டே சொன்னார்: "அரைச் சாண் நிக்குது தம்பி. இன்னும் ரெண்டு பாகம் மேலுக்குத் தள்ளி வெட்டு."